இறுகிய தாழ்ப்பாள்

மழைக்காலம் தொடங்கியதும் பழைய ஜீப் வைத்திருக்கும் நண்பர்களிடமிருந்து எனக்கு ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும். "தோட்டத்துச் சேற்றில் ஃபோர் வீல் போட்டேன், நன்றாக இழுத்தது. தார் ரோட்டுக்கு வந்து நாலு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு லிவரை எடுக்கப் பார்த்தால் அசையவே இல்லை. உள்ளே பல் உடைந்துவிட்டதா?" டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. இன்னொரு டீயும் சொல்லிவிட்டு, அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று நிதானமாகப் பார்ப்போம். பெரும்பாலும் எதுவும் உடைந்திருக்காது என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்தான் மூலம். 1940-களின் இறுதியில் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்து இந்தியாவில் பூட்டத் தொடங்கியது. பிறகு பல பத்தாண்டுகள் அதே குடும்பத்து வண்டிகளைச் செய்தது. நம் மலைத் தோட்டங்களிலும் கொழுக்குமலை போன்ற கரடுமுரடான பாதைகளிலும் ஓடுகிற பழைய ஜீப்புகள் இந்த வம்சத்தைச் சேர்ந்தவை. இவற்றில் கியர் லிவருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு சின்ன லிவர்கள் நிற்கும். சில வண்டிகளில் அந்த இரண்டின் வேலையையும் ஒரே லிவர் செய்யும். அந்தச் சின்ன லிவர்கள் போய்ச் சேரும் இரும்புப் பெட்டிக்குப் பெயர் டிரான்ஸ்ஃபர் கேஸ்.

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வாய்க்காலில் வரும் தண்ணீர் ஒரு மடையில் வந்து நிற்கிறது. மடைக்காரர் ஒரு பலகையைத் தூக்கினால் ஒரு வயலுக்கு மட்டும் பாயும். இரண்டு பலகைகளையும் தூக்கினால் இரண்டு வயல்களுக்கும் பாயும். கியர் பாக்ஸிலிருந்து வரும் சுழற்சிக்கு டிரான்ஸ்ஃபர் கேஸ் அப்படியொரு மடை. பின்சக்கரங்களுக்கு எப்போதும் பாயும். ஒரு சின்ன லிவரை இழுத்தால் முன்சக்கரங்களுக்கும் பாயும். இன்னொரு லிவர் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுகிறது. நம் டிரைவர்கள் அதை லோ கியர் என்பார்கள். போர்க்கால வில்லிஸில் லோ போட்டால் சுழற்சி ஏறத்தாழப் பாதியாகி, இழுவை இரட்டிப்பாகும். கணக்காகச் சொன்னால் 1.97 மடங்கு.

இனி பெட்டியைத் திறந்து உள்ளே பார்ப்போம். முன்சக்கரங்களுக்குப் போகும் தண்டும் பின்சக்கரங்களுக்குப் போகும் தண்டும் உள்ளே ஒரே நேர்கோட்டில், முனையோடு முனை வைத்ததுபோல் இருக்கின்றன. இரண்டின் முனையிலும் பல் வெட்டியிருக்கும். அந்தப் பற்களின் மேல் வழுக்கி நகர்கிற ஒரு வளையம் உண்டு. வளையம் ஒரு தண்டின் மேல் மட்டும் உட்கார்ந்திருந்தால் பின்சக்கர ஓட்டம். நகர்ந்து இரண்டு தண்டுகளையும் ஒருசேரக் கவ்விக்கொண்டால் நான்கு சக்கர ஓட்டம். வளையத்தை நகர்த்துவது உண்டிவில்லின் கவையைப் போன்ற ஒரு துண்டு. ஃபோர்க் என்பார்கள். ஃபோர்க் ஒரு கம்பியில் பூட்டியிருக்கும், கம்பியின் நுனி லிவரில் மாட்டியிருக்கும். கை லிவரைத் தள்ள, லிவர் கம்பியைத் தள்ள, கம்பி ஃபோர்க்கைத் தள்ள, ஃபோர்க் வளையத்தைத் தள்ளுகிறது.

பல்லுக்குள் பல் நுழைவதை இரண்டு சீப்புகளை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஒரு சீப்பின் பற்களை இன்னொன்றின் இடுக்குகளில் செருகிப் பாருங்கள். நுனிக்கு நேரே நுனி வந்துவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் நுழையாது. ஒரு நூல் அளவு பக்கவாட்டில் நகர்த்தினால் தானாக நுழையும். ஃபோர் வீல் சில நேரம் விழ மறுப்பதற்கு இதுதான் காரணம். லிவரை முறைத்து அழுத்தாமல், மெல்லிய அழுத்தம் கொடுத்தபடி வண்டியை அரையடி உருட்டினால் போதும். செருகிய பிறகு வேறொன்றையும் கவனியுங்கள். இரண்டு சீப்புகளையும் எதிரெதிர்ப் பக்கம் நெருக்கிப் பிடித்துக்கொண்டே பிரிக்கப் பாருங்கள். பிரியாது. பற்களின் பக்கங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். கையைத் தளர்த்தியதும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். நண்பரின் கேள்விக்கான பதில் இந்த இரண்டாவது சோதனையில் இருக்கிறது.

அப்படியானால் ஜீப்பின் பற்களை நெருக்கிப் பிடிப்பது யார்? ஏறக்குறைய எல்லாரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் இடத்துக்கு இப்போது வருகிறோம். ஃபோர் வீல் என்றால் நான்கு சக்கரங்களுக்கும் கூடுதல் பலம், பலம் கூடினால் எந்த ரோட்டிலும் நல்லதுதானே என்று நினைக்கிறோம். மழையில் நனைந்த தார் ரோடு, மலை இறக்கம், நெடுஞ்சாலை என்று எங்கும் போட்டே ஓட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த வளையம் பலம் எதையும் உண்டாக்குவதில்லை. என்ஜினின் பலம் அதேதான். முன் அச்சும் பின் அச்சும் இனி ஒரே வேகத்தில்தான் சுற்ற வேண்டும் என்று அது இரண்டையும் கட்டிப்போடுகிறது, அவ்வளவே.

கட்டிப்போட்டால் என்ன ஆகும்? வண்டி திரும்பும்போது பாருங்கள். ஈர மண்ணில் ஒரு ஜீப் வளைந்து போன தடம் கிடைத்தால் உற்றுப் பாருங்கள், நான்கு சக்கரங்களுக்கும் நான்கு தடங்கள் தெரியும். முன்சக்கரங்கள் வெளிவட்டத்தில் போயிருக்கும், பின்சக்கரங்கள் உள்வட்டத்தைச் சுருக்கிக்கொண்டு வந்திருக்கும். முன்சக்கரத்துக்குத் தூரம் அதிகம். வில்லிஸ் ஜீப்பில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 80 அங்குலம், ஏறத்தாழ 2 மீட்டர். ஒரு கொண்டை ஊசி வளைவில் பின் அச்சு 10 மீட்டர் ஆரத்தில் அரைவட்டம் அடிப்பதாக வைத்துக்கொள்வோம். பின் அச்சு போகும் தூரம் 31.4 மீட்டர். முன் அச்சு போக வேண்டியதோ 32 மீட்டர். ஒரே ஒரு வளைவில் 60 சென்டிமீட்டர் வித்தியாசம்.

இந்த ஜீப்பின் சக்கரம் ஒரு முறை சுற்றினால் 2.2 மீட்டர் போல ஓடும். ஆகவே அந்த 60 சென்டிமீட்டர், சக்கரத்துக்குக் கால் சுற்றுக்கும் சற்று அதிகம். சக்கரம் ஒரு முறை சுற்ற, அதற்குச் சுழற்சியைக் கொண்டுவரும் நீளத் தண்டு வில்லிஸில் 4.88 முறை சுற்ற வேண்டும். புரொப்பல்லர் ஷாஃப்ட் என்கிறோமே, அந்தத் தண்டு. பெருக்கிப் பார்த்தால், அந்த ஒரு வளைவில் முன் ஷாஃப்ட் பின் ஷாஃப்டைவிட ஒன்றேகால் சுற்றாவது கூடுதலாகச் சுற்ற விரும்புகிறது. வளையமோ இரண்டும் சமமாகத்தான் சுற்ற வேண்டும் என்று பிடித்துவைத்திருக்கிறது.

"இடது வளைவில் ஏறும் வித்தியாசம் வலது வளைவில் கழிந்துவிடாதா?" என்று கூர்மையான நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. இடதோ வலதோ, எந்தப் பக்கம் திரும்பினாலும் முன்சக்கரம்தான் அதிக தூரம் ஓடுகிறது. அதனால் வித்தியாசம் கழிவதே இல்லை, ஒவ்வொரு வளைவிலும் கூடிக்கொண்டே போகிறது. கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையும் நாம் கணக்குப் போட்ட வளைவைப் போன்றவை என்று வைத்துக்கொண்டால், மலை ஏறி முடிப்பதற்குள் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட 40 மீட்டருக்கு மேல் அதிகமாக உருண்டிருக்க வேண்டும்.

இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையேயும் இப்படித்தானே வித்தியாசம் வரும், அது ஏன் சிக்கலாவதில்லை? அங்கே டிஃபரன்ஷியல் இருக்கிறது. அச்சின் நடுவில் பானைபோல் உருண்டு புடைத்த பகுதிக்குள் இருந்துகொண்டு, ஒரு சக்கரம் வேகமாகவும் மற்றது மெதுவாகவும் ஓட விட்டுக்கொடுப்பது அதன் வேலை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே அப்படி விட்டுக்கொடுப்பவர் இந்தப் பழைய ஜீப்பில் யாருமில்லை. 1970-இல் வந்த ரேஞ்ச் ரோவரில் அந்த இடத்திலும் ஒரு டிஃபரன்ஷியல் வைத்தார்கள். அதனால் அந்த வண்டி எல்லா ரோட்டிலும் நான்கு சக்கரத்தில் ஓடலாம். நம் ஜீப்புக்கு அந்த வசதி கிடையாது.

சேற்றில் ஏன் சிக்கல் வரவில்லை என்பது இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். சேற்றில் சக்கரம் வழுக்கும். ஒரு சக்கரம் கொஞ்சம் வழுக்கினால் போதும், சேர்ந்த வித்தியாசம் அங்கேயே கரைந்துவிடும். காய்ந்த தார் டயரை இறுகப் பிடித்துக்கொள்கிறது. வழுக்க வழியில்லாததால் வித்தியாசம் முழுவதும் தண்டுகளில் முறுக்காக ஏறுகிறது, ஈரவேட்டியின் இரு முனைகளைப் பிடித்துப் பிழியும்போது துணியில் முறுக்கு ஏறுவதுபோல. ஸ்டியரிங் கனக்கும். வளைவில் யாரோ பிரேக்கை அரைவாசி அழுத்திப் பிடித்திருப்பதுபோல் வண்டி தயங்கும். டயர் தேயும் சத்தம் கேட்கும். அந்த முறுக்கு முழுவதையும் தாங்கிக்கொண்டு நிற்பது வளையத்தின் பற்கள். சீப்புகளை நெருக்கிப் பிடித்த கை இதுதான்.

மழைக்காலத்தில் வீட்டு மரக்கதவு உப்பிக்கொள்ளும், தெரியுமல்லவா? தாழ்ப்பாளை இழுத்தால் வராது. தாழ்ப்பாள் துருப்பிடித்துவிட்டது என்று சுத்தியலை எடுப்போம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், "கதவைக் கொஞ்சம் உன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு திற" என்பார்கள். இழுத்துப் பிடித்ததும் தாழ்ப்பாள் ஒரு விரலுக்கு வந்துவிடும். தாழ்ப்பாளில் கோளாறே இல்லை, கதவின் பாரம் அதன்மேல் சாய்ந்திருந்தது. ஜீப்பின் சின்ன லிவரும் அப்படித்தான். இரண்டு கையாலும் பிடித்து, காலை டாஷ்போர்டில் ஊன்றி இழுத்தால் லிவர் வளையும், ஃபோர்க் வளையும். அதுவரை இல்லாத கோளாறு அதன் பிறகுதான் பிறக்கும்.

கதவை இழுத்துப் பிடிப்பது எப்படி? வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட் டிரைவர் எனக்குச் செய்து காட்டியதைச் சொல்கிறேன். வண்டியை நிறுத்தினார். பின்னால் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். ரிவர்ஸ் போட்டு, வந்த வளைவிலேயே மெதுவாகப் பின்னால் உருட்டினார். இடது கை சின்ன லிவரின் மேல் வெறுமனே படிந்திருந்தது, கனமில்லாமல். மூன்று நான்கு மீட்டர் போனதும் கிளட்சை மிதித்தார். லிவர் தானாகவே கழன்று வந்தது. வந்த வழியிலேயே பின்னால் போனால், ஏறிய முறுக்கு ஏறிய வழியிலேயே இறங்குகிறது. முறுக்கு சுழியத்தைக் கடக்கும் அந்த ஒரு நொடியில் பற்களின் மேல் பாரமே இல்லை. அவர் கை காத்திருந்தது அந்த நொடிக்காக.

பின்னால் போக இடமில்லையென்றால் ஒரு பக்கச் சக்கரங்களை ரோட்டோரத்து மண்ணில் இறக்கி, மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். மண்ணில் சக்கரம் வழுக்கி முறுக்கு அவிழும். அதற்கும் வழியில்லையென்றால் சமதரையில் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியால் ஒரு முன்சக்கரத்தைத் தூக்கலாம். ஆனால் எச்சரிக்கை வேண்டும். தரையை விட்டு எழும்பும் கணத்தில் அந்தச் சக்கரம் சட்டென்று உதறிச் சுழலக்கூடும். கையோ முகமோ அருகில் இருக்கக் கூடாது.

முறுக்குக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பலர் யோசிப்பதில்லை. முன்னால் புது டயர், பின்னால் தேய்ந்த டயர். டயரின் பட்டனில் 8 மில்லிமீட்டர் தேய்மான வித்தியாசம் இருந்தால் விட்டம் 16 மில்லிமீட்டர் குறையும், சுற்றளவு 5 சென்டிமீட்டர் குறையும். ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் ஏறத்தாழ 450 முறை சுற்றுகிறது. ஆக, நேரான ரோட்டில் போனாலும் கிலோமீட்டருக்கு 22 மீட்டர் வித்தியாசம் ஏறும். பண்ணை வீட்டு ஜீப்பில் லிவர் எப்போதுமே இறுக்கம் என்று யாராவது சொன்னால், நான் முதலில் குனிந்து பார்ப்பது பெட்டியை அல்ல, நான்கு டயர்களையும்தான். அளவும் தேய்மானமும் ஒத்திருக்க வேண்டும், காற்றழுத்தமும் சரியாக இருக்க வேண்டும்.

முறுக்கை அவிழ்த்த பிறகும், சரியான டயர்கள் இருந்தும், லிவர் முரண்டு பிடித்தால்? அப்போது வெளியிலிருந்து உள்ளே என்ற வரிசையில் போவோம். செலவில்லாததை முதலில் பார்ப்பது நம் பைக்கும் நல்லது, பெட்டிக்கும் நல்லது. இந்த ஜீப்புகளில் சின்ன லிவர்கள் வண்டியின் தரைத்தகட்டில் பூட்டப்பட்டவை அல்ல. அவை டிரான்ஸ்ஃபர் கேஸின் மேலேயே உட்கார்ந்து, தரையில் உள்ள ஓட்டை வழியாக மேலே வருகின்றன. கியர் பாக்ஸைத் தாங்கும் ரப்பர் நைந்து பெட்டி கீழே இறங்கியிருந்தாலோ, தரைத்தகட்டை ஒட்டுப்போட்டபோது ஓட்டை சுருங்கியிருந்தாலோ, லிவர் தகட்டில் இடித்து நிற்கும். பாதி தூரமே போன லிவர், வளையத்தையும் பாதிதான் நகர்த்தியிருக்கும். ரப்பர் உறையைக் கழற்றிவிட்டு, லிவர் இரு முனை வரை தடையில்லாமல் போகிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

அடுத்தது லிவர் ஆடும் பின். கிரீஸ் காணாத பின் துருவேறி இறுகும், இல்லையென்றால் தேய்ந்து தொளதொளக்கும். லிவரின் அடிநுனியும் தேயும். தேய்ந்தால் கை ஒரு சாண் நகர்ந்தாலும் கம்பி ஒரு விரல்தான் நகரும். அந்தக் கம்பிகளையும் பாருங்கள். பெட்டியின் முன்பக்கமாக அவற்றின் நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சேறும் தண்ணீரும் தெறிப்பது அங்கேதான். மாதக்கணக்கில் ஃபோர் வீல் போடாமல் வைத்திருந்த வண்டியில் அந்த நுனி துருப்பிடித்து, ஆயில் சீலுக்குள் வழுக்க மறுக்கும். நன்றாகத் துடைத்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு, ஓர் இரவு ஊறவிட்டு, மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துக் கொடுத்தால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும். மாதம் ஒரு முறை மண் ரோட்டில் சிறிது தூரம் ஃபோர் வீல் போட்டு எடுப்பது, இந்தத் துருவுக்கு நல்ல மருந்து.

இனி, கோளாறே இல்லாமல் கோளாறுபோல் தோன்றும் ஒன்று. இரண்டு லிவர் வண்டியில், ஃபோர் வீல் போடாமல் லோ கியர் விழாது. லோ கியரில் இருக்கும்போது ஃபோர் வீலை எடுக்கவும் முடியாது. இரண்டு கம்பிகளுக்கும் நடுவே மாத்திரைபோல் ஒரு சிறு இரும்புத்துண்டு படுத்திருக்கிறது. ஒரு கம்பி நகர்ந்தால் அது மற்றதன் பள்ளத்தில் போய் விழுந்து பூட்டிவிடும். ஒருவர் உள்ளே போனால்தான் இன்னொருவர் வெளியே வரலாம் என்று வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி. லோ கியரின் இரட்டிப்பு இழுவை முழுவதும் பின் அச்சு ஒன்றின் தலையில் இறங்கி அதை முறித்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. எனவே ஃபோர் வீல் லிவர் வராதபோது, பக்கத்து லிவர் லோவில் நிற்கிறதா என்று பார்த்து, அதை ஹைக்கு மாற்றிவிட்டு முயலுங்கள். பெட்டியைப் பிரித்துப் பூட்டியவர் இந்த மாத்திரையைத் தொலைத்துவிட்டால் காவலாளி இல்லாத வாசலாகிவிடும். பின் அச்சு மட்டும் லோவில் ஓடுகிற ஜீப்பைப் பார்த்தால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

போட்ட லிவர் தானாக வெளியே குதிப்பது வேறொரு தொல்லை. ஏற்றத்தில் கால் அழுத்தியதும் 'டக்' என்று நியூட்ரலுக்கு வந்துவிடும். பழைய மின்விசிறி ரெகுலேட்டரைத் திருப்பினால் ஒவ்வொரு எண்ணிலும் ஒரு பிடிப்போடு நிற்குமே, அதுபோல் அந்தக் கம்பிகளிலும் பள்ளங்கள் உண்டு. ஸ்பிரிங்கால் அழுத்தப்பட்ட ஒரு சிறு குண்டு அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து கம்பியை நிறுத்திவைக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்தாலோ பள்ளம் தேய்ந்தாலோ பிடிப்பு போய்விடும். ஸ்பிரிங் மலிவு, மாற்றுவதும் எளிது. அதற்கும் அடங்காவிட்டால் பற்களின் விளிம்பு உருண்டு தேய்ந்திருக்கலாம், பேரிங்குகளும் வாஷர்களும் தேய்ந்து தண்டு முன்பின்னாக ஆடலாம். இது பெட்டியைப் பிரிக்க வேண்டிய வேலை, அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் போவோம்.

லிவர் வெண்ணெயாக நகர்கிறது, ஆனால் முன்சக்கரம் இழுக்கவில்லை என்றால் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது முன்சக்கரத்தின் நடுவே உள்ள ஹப். சில வண்டிகளில் ஹப்பைக் கையால் திருப்பிப் பூட்ட வேண்டும். ஹப் திறந்திருந்தால் உள்ளே தண்டு சுற்றும், சக்கரம் சும்மா உருளும். மாருதி ஜிப்ஸிக்காரர்களுக்கு இது பழகிய கதை. இரண்டாவது, ஃபோர்க்கைக் கம்பியோடு பிணைக்கும் ஸ்க்ரூ. அது கழன்றால் கம்பி மட்டும் போய்வரும், ஃபோர்க் இருந்த இடத்திலேயே நிற்கும். அது கழலாமல் இருக்க மெல்லிய கம்பியால் கட்டிவைப்பது பழைய வழக்கம், திரும்பப் பூட்டும்போது அந்தக் கட்டை மறக்கக் கூடாது.

எந்த இடம் என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை. சமதரையில் பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, என்ஜினை அணைத்து, கியரை நியூட்ரலில் வையுங்கள். முன்பக்கத்தைத் தூக்கி உறுதியான ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போக வேண்டாம். ஃபோர் வீலை எடுத்துவிட்டு முன் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள், சுற்ற வேண்டும். ஃபோர் வீல் போட்ட பிறகு சுற்றினால், சிறு ஆட்டத்துக்குப் பின் இறுகி நிற்க வேண்டும். இறுகினால் பெட்டி நலம், சந்தேகம் ஹப் பக்கம். இறுகாவிட்டால் சந்தேகம் பெட்டிக்குள், அந்த ஸ்க்ரூ பக்கம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இது உயிர் சம்பந்தப்பட்டது. ஹைக்கும் லோவுக்கும் நடுவே அந்த லிவருக்கு ஒரு நியூட்ரல் உண்டு. லிவர் அங்கே நின்றுவிட்டால் முதல் கியர் போட்டுக் கிளட்சை விட்டாலும் வண்டி நகராது. கிளட்ச் தகடு போய்விட்டது என்று செலவு செய்தவர்கள் இருக்கிறார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து, சரிவில் கியர் போட்டு நிறுத்தியிருக்கிறோம் என்ற நம்பிக்கையில் இறங்கிப் போவது. டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் அந்தக் கியர் எதையும் பிடித்திருக்காது. வண்டி உருளும். இந்த வம்சத்துப் பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக்கின் டிரம், டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்முனையிலேயே இருக்கிறது. அங்கே ஆயில் சீல் கசிந்தால் எண்ணெய் நேராகப் பிரேக்கில் இறங்கி, அதன் பிடியும் போய்விடும். மலையில் ஜீப் நிறுத்துகிறவர்கள் சக்கரத்துக்குக் கல் வைப்பதை நாட்டுப்புறப் பழக்கம் என்று எண்ண வேண்டாம். நாமும் வைப்போம்.

எண்ணெயைப் பற்றிச் சுருக்கமாக ஒரு வார்த்தை. வில்லிஸ் பெட்டிக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவான கியர் ஆயில்தான், 90 எண் கொண்டது. கியர் பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் முதுகோடு முதுகு ஒட்டியவை. நடுவே சீல் தேய்ந்தால் ஒன்றின் எண்ணெய் மற்றதற்கு நழுவும். ஒன்றில் மட்டம் கூடியும் மற்றதில் குறைந்தும் இருந்தால் காரணம் அதுதான். எனவே இரண்டு மட்டங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வடித்த எண்ணெய் பால்கலந்த டீயின் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடை கடந்த வண்டிக்கு இந்தச் சோதனை அவசியம். நுண்ணிய சாம்பல் நிறத் தூள் இயல்பு. பல்லின் சில்லு கிடைத்தால், நண்பர் பயந்த அந்த உடைசல் உண்மையிலேயே நடந்திருக்கிறது.

அவருடைய வண்டியில் சில்லு எதுவும் கிடைக்கவில்லை. பின்னால் நான்கு மீட்டர் உருட்டியதும் லிவர் வந்துவிட்டது. இனி இப்படி ஆகாமலிருக்க என்ன செய்யட்டும் என்று கேட்டார். சேறு வருமுன்பே, சக்கரம் வழுக்கத் தொடங்குமுன்பே, நேரான இடத்தில் மெதுவாகப் போகும்போது ஃபோர் வீலைப் போடுங்கள் என்றேன். லோ வேண்டுமென்றால் வண்டியை நிறுத்திப் போடுங்கள். திரும்பி வரும்போது தார் ரோடு கண்ணில் பட்டதும், இன்னும் மண்ணில் இருக்கும்போதே லிவரை எடுத்துவிடுங்கள். அந்தக் கடைசிப் பத்து மீட்டர் மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கும், முறுக்கு தானாக இறங்கும், ஒரு விரலால் தள்ளினால் போதும். தாரில் ஏறிய பிறகு இரண்டு கை போதாது.